ஸ்கர்ட்டிங் உள்ள சுவரில் அலமாரி: எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக் கூடாது

துணி அலமாரியை வாங்கி வந்து சுவரோடு தள்ளினால் அடியில் ஸ்கர்ட்டிங், அதாவது தரையை ஒட்டிச் சுவரின் அடியில் ஓடும் டைல் அல்லது மரப்பட்டை, தடுத்துவிடும். கீழே பலகை ஸ்கர்ட்டிங்கில் முட்டி நிற்கும். மேலே சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் தரைக்கு மேலிருந்து உச்சிவரை ஒரு கறுப்புக் கோடு. தூசி அதற்குள்தான் போகும், துப்பட்டா விழுந்தாலும் அதற்குள்தான். கோவையிலோ மதுரையிலோ என்றால் ஸ்கர்ட்டிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, அலமாரியைச் சுவரோடு அழுத்தி வைத்துப் பல வருடம் நிம்மதியாக இருக்கலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் அதையே செய்தால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பின்பலகையில் பூசணம் பிடித்து, மடித்து வைத்த பட்டுப்புடவை வரை வாடை ஏறிவிடும்.

கண்ணை உறுத்தும் சந்து பக்கவாட்டில் இருக்கிறது. சுவருக்கு வேண்டிய சந்து பின்னால் இருக்கிறது. முதலாவதை மூட வேண்டும், இரண்டாவதை விட்டுவைக்க வேண்டும். மலை வீட்டில் அலமாரி பொருத்துவதற்கு இந்தப் பாகுபாடுதான் அடிப்படை. கீழே வரும் அளவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். அறைக்காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். மழைக்காலத்தில் இங்கே இது சாதாரண நிலைதான். அந்தக் காற்று சுமார் 11.6 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீரைக் கக்கிவிடும். டிசம்பர், ஜனவரி இரவில் வெளிச்சுவரின் உள்முகம் அந்த அளவுக்கு எளிதாக இறங்கும். திறந்த சுவர் என்றால் பகலில் காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும். அலமாரி மறைத்த சுவருக்கு அந்த வழி கிடையாது. உள்ளே அடுக்கிய துணிமணி அறையின் சூட்டைச் சுவருக்குப் போகவிடாமல் தடுப்பதால் அந்தப் பகுதி மற்ற இடத்தைவிட இன்னும் குளிர்ந்து கிடக்கும், காற்றும் அங்கே நகராது. சுவரில் நீர் வழியக்கூட வேண்டியதில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்குப் போதும்.

ஆகவே ஸ்கர்ட்டிங்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் எந்தச் சுவர் என்று முடிவு செய்யுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவர் முதல் தேர்வு. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர் இதைவிட நல்லது, இரண்டு பக்கமும் ஆள் புழங்கும் சூடு இருக்கும். வெளிச்சுவர்தான் கதி என்றால் மழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். ஊட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குச் சாரல் அடிக்கும் சுவர் ஊறும். குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் அங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மலையை வெட்டிச் சமன் செய்து கட்டிய வீடுகளில் மண்மேட்டை ஒட்டிய சுவர் ஒன்று இருக்கும். அதில் அலமாரி வேண்டவே வேண்டாம். அங்கே மண்ணின் ஓதம் நேராக உள்ளே வரும், என்ன இடைவெளி விட்டாலும் ஓயாது.

சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் சேர்ந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவரை முதலில் சரிசெய்ய வேண்டும். தாளின் வெளிமுகத்தில், அறைப்பக்கம், நீர் படிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். இதற்குக் காற்றோட்டம் போதும்.

இனி ஸ்கர்ட்டிங். புதிய வீடுகளில் தரை டைலையே 4 அங்குல உயரத்துக்கு வெட்டி ஒட்டியிருப்பார்கள். டைலின் கனம் 8 முதல் 10 மி.மீ. தான். ஆனால் பின்னாலுள்ள கலவையையும் சேர்த்தால் சுவரிலிருந்து 12 முதல் 20 மி.மீ. வரை துருத்தும், ஒரே சுவரில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 5 மி.மீ. வித்தியாசம் இருக்கும். பழைய பங்களாக்களில் தேக்குப் பலகை ஸ்கர்ட்டிங். 6 அங்குலத்துக்குக் குறையாது, கனம் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம், உச்சியில் வளைவு இழைத்திருக்கும்.

டேப்பை வைத்து ஸ்கர்ட்டிங்கை மட்டும் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்கு ஆரம்பம். சுவர் தூக்காக, அதாவது சாய்வில்லாமல் செங்குத்தாக, இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 7 அடி உயரத்தில் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து சுவருக்கு உச்சியில் ஓர் அளவு, இடுப்பு உயரத்தில் ஓர் அளவு, ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஓர் அளவு, கடைசியாக ஸ்கர்ட்டிங்கின் முகத்துக்கு ஓர் அளவு. அலமாரி நிற்கப்போகும் இரண்டு ஓரத்திலும் இதைச் செய்யுங்கள். சுவர் மேலே போகப் போக 12 மி.மீ. பின்வாங்கியிருந்தால், 18 மி.மீ. ஸ்கர்ட்டிங்குக்கு மட்டும் காடி (பலகையில் வெட்டும் பள்ளம்) வெட்டிய அலமாரி கீழே ஒட்டும், மேலே 12 மி.மீ. விலகியே நிற்கும். குற்றம் ஸ்கர்ட்டிங்கின் மேல் இல்லை, சுவரின் மேல்.

தச்சரிடம் சொல்லிச் செய்வதாக இருந்தால் ஸ்கர்ட்டிங்கைத் தொடவே வேண்டியதில்லை. அலமாரியை இரண்டு துண்டாக யோசியுங்கள்: கீழே ஒரு பீடம், மேலே பெட்டி. பீடத்தின் உயரம் ஸ்கர்ட்டிங்கைவிட 10 மி.மீ. கூடுதல், அதாவது 100 மி.மீ. ஸ்கர்ட்டிங்குக்கு 110. பீடத்தின் பின்விளிம்பு சுவரிலிருந்து 50 மி.மீ. முன்னால் நிற்கட்டும். அதன் மேல் உட்காரும் பெட்டி ஸ்கர்ட்டிங்கின் தலைக்கு மேலாகப் பின்னால் நீண்டு, பக்கப் பலகைகள் மட்டும் சுவரைத் தொடும். பின்பலகையும் அடித்தட்டும் மேல்தட்டும் சுவரிலிருந்து 25 மி.மீ. உள்ளேயே நின்றுவிட வேண்டும். பீடத்தின் முன்சட்டத்திலும் பின்சட்டத்திலும் 200 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலத்தில் இரண்டிரண்டு திறப்புகள். அறைக்காற்று முன்னால் நுழைந்து, பெட்டிக்கு அடியில் போய், பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஏறி, உச்சியில் வெளியேறும். அறைக்குள் நிற்பவர் கண்ணுக்கு அலமாரி சுவரோடு ஒட்டியிருக்கும், சுவருக்கோ முழு உயரத்துக்கும் ஒரு காற்றுப்பாதை கிடைத்துவிடும்.

ஆழம் குறைந்துவிடுமே என்று தோன்றலாம். பக்கப் பலகை 600 மி.மீ. என்றால் 25 இடைவெளிக்கும் 6 பின்பலகைக்கும் போக 569 மிஞ்சும். ஹேங்கரில் சட்டை மாட்ட 550 இருந்தால் போதும். கதவு வெளிப்புறம் படியும் கீல் கதவாக இருக்க வேண்டும். தள்ளுகதவு போட்டால் தண்டவாளம் ஆழத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும், ஆகவே அதற்கு மொத்த ஆழம் 675 கேளுங்கள்.

இதைத் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழக்கம் என்னவென்றால் பெட்டியைச் செய்து முடித்து, பின்னால் ஒரு மெல்லிய பிளைவுட்டை ஆணியடித்து மூடிவிடுவார்கள். "அண்ணே, பின்பலகையைக் கடைசியில் அடிக்காதீங்க, பக்கப் பலகையில் ஒரு அங்குலம் உள்ளே காடி போட்டுச் சொருகிடுங்க" என்று பலகை அறுப்பதற்கு முன்பே சொன்னால் அவருக்கு அரைமணி நேர வேலைதான். அறுத்த பிறகு சொன்னால் பலகையே மாற்ற வேண்டியிருக்கும். பிளைவுட்டில் பெட்டிக்கு 18 மி.மீ., ஐ.எஸ். 303 முத்திரையோடு பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம். பீடத்துக்கு மட்டும் ஐ.எஸ். 710, மரைன் பிளைவுட். தரை துடைத்த ஈரம் இங்கே சீக்கிரம் காயாது, அதை முதலில் வாங்குவது பீடம்தான்.

கடையில் வாங்கிய தயார் அலமாரிக்கு வேறு வழி. பக்கப் பலகையின் பின்மூலையில் காடி வெட்டலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்டலாம், ஆனால் அதற்கு முன் இரண்டு உயரங்களை ஒப்பிட வேண்டும்: தரையிலிருந்து அலமாரியின் அடித்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஸ்கர்ட்டிங் எவ்வளவு உயரம். அடித்தட்டு 110-இல், ஸ்கர்ட்டிங் 100 என்றால் கவலையில்லை. பக்கப் பலகை இரண்டையும், பின்னால் குறுக்குச்சட்டம் இருந்தால் அதையும் வெட்டினால் போதும். அடித்தட்டு 60-இல் இருந்து ஸ்கர்ட்டிங் 100 என்றால் அடித்தட்டின் பின்விளிம்பும் பின்பலகையின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து இடிக்கும். பக்கப் பலகையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு அலமாரி ஏன் பின்னால் போகவில்லை என்று விழிப்பது இதனால்தான். அந்த நிலையில் அலமாரியை வெட்டாதீர்கள். நான்கு பக்கமும் மரச்சட்டம் போட்டு 50 மி.மீ. உயரத்துக்கு ஒரு பீடம் செய்து, அதன் மேல் ஏற்றி வையுங்கள். அடித்தட்டு ஸ்கர்ட்டிங்குக்கு மேலே வந்துவிடும். காடியும் சிறிதாகும், ஏனென்றால் பலகையின் கீழ் 50 மி.மீ. மட்டும்தான் ஸ்கர்ட்டிங்கோடு மோதும்.

வெட்டும் அளவு: ஸ்கர்ட்டிங் உயரத்தோடு 5 மி.மீ., துருத்தலோடு 3 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். பீடத்தில் ஏற்றியிருந்தால் பீடத்தின் உயரத்தைக் கழித்துவிடுங்கள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். அலமாரி வந்த அட்டைப்பெட்டியிலேயே ஒரு துண்டை வெட்டிச் சுவரில் வைத்துப் பார்த்து, அது சரியாக உட்கார்ந்த பிறகு பலகையில் வரையுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜிக்சாவுக்கு நுண்பல் பிளேடு போட்டு, பலகையின் நல்ல முகம் கீழே இருக்கும்படி வைத்து அறுக்க வேண்டும். ஜிக்சாவின் பல் மேல்நோக்கி இழுப்பதால் மேல்முகம்தான் பிசிறடிக்கும். கைரம்பத்தில் அறுத்தால் நேர் எதிர்: நல்ல முகம் மேலே. பலகைகளை இணைக்கும் கேம் பூட்டு, டோவல் (மரக்குச்சி) துளை இருக்குமிடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. காடி பெரும்பாலும் அவற்றைத் தொடாது, பழைய பங்களாவின் ஸ்கர்ட்டிங்குக்கு வெட்டும் 28 மி.மீ. காடி தொட்டுவிடலாம்.

வெட்டிய விளிம்பைத் திறந்தபடி விடுவதுதான் இந்த வேலையில் மன்னிக்க முடியாத தவறு. பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டுமே வெட்டுவாயில் தண்ணீரை உறிஞ்சி உப்பும், உப்பியது திரும்ப இறங்காது. வெட்டுவாயில் பாலியூரிதேன் சீலர் இரண்டு கோட், முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. மழை நாளில் காய இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். பலகையின் அடிவிளிம்பையும் அப்படியே பூசி, 5 மி.மீ. பிளாஸ்டிக் புஷ் அடித்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள்.

காடி வெட்டிச் சுவரோடு ஒட்டிய தயார் அலமாரியில் பின்னால் காற்று எப்படிப் போகும்? தயார் அலமாரிகளில் பின்பலகை பெரும்பாலும் பின்விளிம்பிலேயே இருக்கும். உட்சுவர் என்றால் போகட்டும், ஒட்டிவிடலாம். வெளிச்சுவர் என்றால் காடி வெட்டவே வேண்டாம். ஸ்கர்ட்டிங் கொடுக்கும் 15, 20 மி.மீ. சந்தை வரமாக வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து 40 மி.மீ. ஆக்குங்கள். பக்கத்தில் தெரியும் கறுப்புக் கோட்டை ஒரு பட்டியால் மூடிவிடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கும், வெலிங்டன் கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸில் மாற்றல் வரும்வரை குடியிருப்பவர்களுக்கும் இதுதான் சரியான வழி. சுவரிலும் ஸ்கர்ட்டிங்கிலும் எதையும் வெட்ட வேண்டியிருக்காது.

அந்தப் பட்டியைச் சுவரின் நெளிவுக்கு ஏற்ப அறுப்பது பொறுமையான வேலை, ஆனால் அலமாரி சுவரோடு பிறந்தது மாதிரி தெரிவது இதனால்தான். அலமாரி நிறத்திலேயே 18 மி.மீ. பலகையில் 70 மி.மீ. அகலப் பட்டி, அலமாரி உயரத்துக்கு. முதலில் அலமாரியை ரசமட்டம் வைத்து நிலைநிறுத்திவிடுங்கள். பட்டியை அலமாரியின் பக்கப் பலகையோடு சேர்த்து நிமிர்த்தி, ஒரு விளிம்பு சுவரையோ ஸ்கர்ட்டிங்கையோ எங்கே முதலில் தொடுகிறதோ அங்கே நிறுத்தி, கிளாம்ப் போட்டுப் பிடிக்கவும். இப்போது பட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆக அகலமான சந்து எவ்வளவோ, அந்த அளவுக்குக் காம்பஸை விரித்து, ஊசிக்காலைச் சுவரில் உரசியபடி உச்சியிலிருந்து தரைவரை இழுத்தால், பென்சில் பட்டியின் மேல் சுவரின் நெளிவை அப்படியே வரையும். ஸ்கர்ட்டிங்கின் உச்சி வளைவும் அதில் விழுந்துவிடும். காம்பஸின் இரண்டு காலும் எப்போதும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கை சாய்ந்தால் வளைவுள்ள இடத்தில் அளவு மாறிவிடும். அறுக்கும்போது ஜிக்சாவை 5 டிகிரி சாய்த்து அறுங்கள். முன்முகம் சுவரைத் தொடும், பின்முகம் சற்று விலகும், ஆகவே கடைசி அரை மி.மீ.-ஐ இழைப்புளியில் சீவி எடுக்கச் சுலபம். பக்கப் பலகைக்குள்ளிருந்து ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். பட்டியில் ஸ்கர்ட்டிங்குக்கு வெட்டிய இடத்தை மட்டும் ஸ்கர்ட்டிங்கின் உச்சிக்கு மேல் 20 மி.மீ. கூட்டி வெட்டிவிட்டால் காற்று நுழைய வழியாயிற்று. உச்சியில் மூடி போடக் கூடாது. சுவருக்கும் பட்டிக்கும் நடுவே சிலிகான் பூசுவதும் வேண்டாம்.

சந்துக்குள் தெர்மாகோல் அடைப்பதும் சுவரில் தெர்மாகோல் ஒட்டுவதும் இங்கே பலர் செய்வது. சுவரோடு இறுகப் படியாத தெர்மாகோலுக்குப் பின்னால் ஈரக்காற்று புகுந்து, முன்னைவிடக் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். பூசணம் அப்போது கண்ணுக்கும் தெரியாது.

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றுவதைப் பற்றிச் சுருக்கமாக. டைல் ஸ்கர்ட்டிங்கை முழுசாகக் கழற்றுவது அரிது, உடைந்துதான் வரும், கூடவே பூச்சும் பெயரும். அதே டைல் பிறகு கடையில் கிடைக்காது. மரமாக இருந்தால் கழற்றலாம். பழைய வீடுகளில் சுவருக்குள் அடித்த மர ஆப்புகளில்தான் ஆணி பிடித்திருக்கும். உச்சியிலுள்ள பெயின்ட் படலத்தைக் கத்தியால் கீறிவிட்டு, மெல்லிய பட்டையைச் சொருகி, நெம்புகோலுக்கும் சுவருக்கும் நடுவே அகலமான பிளைவுட் துண்டு வைத்து ஆணிக்கு ஆணி நெம்புங்கள். துண்டு வைக்காவிட்டால் சுண்ணாம்புப் பூச்சு குழிந்துவிடும். அலமாரியின் அகலத்தோடு இருபுறமும் 2 மி.மீ. மட்டும் கூட்டி வெட்டுங்கள். எடுத்த பலகைக்குப் பின்னால் எண் எழுதி வையுங்கள். பலகைத் தரைக்கும் சுவருக்கும் நடுவே அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பிளவு இருக்கும், எலி வரும் வழி அது. அலமாரி வைப்பதற்கு முன் கம்பி வலையால் அடைத்துவிட வேண்டும்.

எந்த வழியில் பொருத்தினாலும் உச்சியைச் சுவரோடு கட்ட வேண்டும். ஸ்கர்ட்டிங் அடிப்பாகத்தை முன்னால் தள்ளி நிறுத்துகிறது, பழைய பலகைத் தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்கும், குழந்தை ஒரு இழுப்பறையைத் திறந்து ஏறினால் மொத்தமும் முன்னால் சாயும். முன்பக்கம் ஆப்பு வைத்து ரசமட்டம் பாருங்கள். பிறகு உச்சியில் இரண்டு ஓரத்திலும் எல் கிளாம்ப். பின்னால் 40 மி.மீ. சந்து இருந்தால் கிளாம்ப் போடும் இடத்தில் 40 மி.மீ. கட்டை ஒன்றை வைத்த பிறகே ஸ்க்ரூவை முறுக்குங்கள். கட்டை இல்லாமல் முறுக்கினால் உச்சி பின்னால் இழுபட்டு, பெட்டி முறுகி, முன்பாகம் தரையை விட்டுத் தூக்கும். கதவு இரண்டும் ஏறி இறங்கி நிற்கும். கதவைத்தான் பலரும் குறை சொல்வார்கள்.

சிமென்ட் பூச்சுச் சுவரில் 8 மி.மீ. துளை, 50 மி.மீ. ராவல் பிளக் போதும். சுண்ணாம்புப் பூச்சு ஒரு அங்குலத்துக்கு மேல் கனமாக இருக்கும், பிளக் அதற்குள்ளேயே நின்றால் கையோடு வந்துவிடும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும்படி 100 மி.மீ. ஸ்க்ரூ வேண்டும். டிரில்லின் ஹேமரை நிறுத்திவிட்டு, முதலில் 6 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். பிட் எதிர்ப்பில்லாமல் இறங்கி மண் உதிர்ந்தால் அது கல்லில் இல்லை, மண்சாந்தில் இறங்குகிறது என்று அர்த்தம். அங்குலம் இரண்டு தள்ளிக் கல்லின் நடுவில் போடுங்கள். கல் எங்கேயும் பிடிக்கவில்லையென்றால் 3 அங்குல அகல ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றைச் சுவரில் ஐந்தாறு இடத்தில் பிடித்து, அலமாரியை ரீப்பரோடு கட்டுங்கள். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை கூடாது.

படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்தும் அலமாரிக்கு இன்னொரு கணக்கு. 2100 உயரம், 600 ஆழம் என்றால் நிமிரும்போது மூலைக்கு மூலை 2184 மி.மீ. வேண்டும். சரிந்த கூரையுள்ள மாடி அறையில் இது இடிக்கும். அங்கே நின்றபடியேதான் பூட்ட வேண்டும்.

இரும்பு பீரோவுக்குக் காடியும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். முதுகுத் தகடு குளிர்ந்து வியர்க்கும், துரு அங்கேதான் தொடங்கும். நான்கு காலுக்கும் கிரானைட் துண்டு வைத்து உயர்த்தி, சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள்.

தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கில் கதவு செய்வது இங்கே வழக்கம். மரம் நன்றாகக் காய்ந்திருந்தாலும் மழையில் குறுக்குவாட்டில் உப்பும், பிப்ரவரி வெயிலில் சுருங்கும். மழையில் கதவு இறுகினால் கீலின் ஸ்க்ரூவைத் திருப்பிச் சமாளியுங்கள், இழைப்புளியை எடுக்காதீர்கள். மழையில் சீவிய கதவில் கோடையில் வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சந்து விழும். கோடையிலும் இறுகியே இருந்தால், அப்போது சீவலாம்.